கடைசியாகச் சாப்பிடுபவரின் தட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தை விடாமல் படித்து வரும் வாசகி நான். சரிவிகித உணவு, போதிய உறக்கம், நடைப்பயிற்சி, மன அமைதி என்று அப்பக்கம் எடுத்துச் சொல்பவை பெரும்பாலும் சரியானவையே. ஆனாலும் அவற்றைப் படிக்கும்போதெல்லாம், இந்த அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது என்ற கேள்வி எனக்கு எழாமல் இருப்பதில்லை. என்ன சாப்பிடுவது, எப்போது உறங்குவது, எந்த நேரத்தில் நடப்பது என்பதையெல்லாம் தாமே முடிவு செய்துகொள்ளக்கூடிய ஒருவரை மனத்தில் வைத்தே அவை எழுதப்படுகின்றன. வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைக் கொண்டு தன் பசியைத் தீர்த்துக்கொள்ளும் பெண் அந்தப் பக்கத்தில் சமையல் குறிப்பைப் படிப்பவராக மட்டுமே இருக்கிறார். அந்த உணவை உண்பவராக இல்லை. திருவாரூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், உடல்நலம் பற்றிய நம் பேச்சு அவருடைய தட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே ஆய்வு, அதே வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையுடனோ உடல் பருமனுடனோ இருப்பதாகவும் சொல்கிறது. இந்த இரண்டு எண்களையும் தனித்தனியே படிப்பவர்கள், முதலாவது ஏழைப் பெண்களைப் பற்றியது, இரண்டாவது வசதியுள்ள பெண்களைப் பற்றியது என்று எண்ணிக்கொள்ளக்கூடும். அப்படி இல்லை என்பதைப் புறநோயாளிகள் வரிசையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். பார்வைக்குப் பருமனாக இருக்கும் பெண்ணின் கண் இமையைக் கீழிழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளிறிக் கிடக்கும். வயிறு நிறைகிறது, ஆனால் இரத்தம் ஊறவில்லை. மாவுச்சத்து தேவைக்கு மேல் சேர்கிறது, இரும்புச்சத்தும் புரதமும் தேவைக்குக் கீழே நிற்கின்றன. ஒரே உடலில் இரண்டு குறைகளும் சேர்ந்து வாழ்வதற்கு நம் வீட்டுச் சாப்பாட்டு முறையே வழி செய்துகொடுக்கிறது.

அது எப்படி என்பதைப் பார்ப்போம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் சர்க்கரை போட்ட டீ. பிள்ளைகளுக்கும் கணவருக்கும் இட்லியோ தோசையோ ஊற்றிக் கொடுத்து, மதியத்துக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகு, பசி அடங்கிவிட்டது என்ற நினைப்பில் இன்னொரு டீ. பத்து, பதினோரு மணிக்குப் பிள்ளைகள் வைத்துவிட்டுப் போனதை வீணாக்கக் கூடாதே என்று சாப்பிடுவது. மதியம் எல்லோரும் உண்டு முடித்ததும் அடியில் நிற்கும் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவது. அந்தக் குழம்பில் காயும் தீர்ந்திருக்கும், மீன் துண்டும் தீர்ந்திருக்கும். பொரியல் ஒரு கைப்பிடி மிஞ்சியிருந்தால் அதையும் இரவுக்கு யாருக்காவது ஆகட்டும் என்று எடுத்து வைத்துவிடுவார்கள். குழம்புக் குறைவையும் பொரியல் குறைவையும் ஈடுகட்டுவது சோறு ஒன்றுதான். ஆகவே, சோறு மட்டும் தட்டில் கூடிக்கொண்டே போகிறது. இரவிலும் இதே கதைதான், இன்னும் நேரம் கழித்து நடக்கும். முட்டை வாங்கினால் அது பிள்ளைகளுக்கு. பழம் வாங்கினால் அது பெரியவர்களுக்கும் நோயாளிக்கும். இதில் யாரும் அவரைத் தடுப்பதில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘நீயும் சாப்பிடு’ என்று சொல்லாத கணவர்கள் குறைவு. ஆனால், ஐந்து பேருக்கு மூன்று முட்டை இருக்கும் வீட்டில் அந்தச் சொல்லால் நான்காவது முட்டை வந்துவிடாது. விட்டுக்கொடுப்பது யார் என்பது அங்கே கேட்காமலேயே முடிவாகிவிடுகிறது.

உடலின் தேவையோ இதற்கு நேர் எதிராக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் திருத்தி வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மாதவிடாயில் இழக்கும் இரத்தத்தை ஈடுசெய்வதற்கே இந்த வேறுபாடு. சோற்றின் அளவில் ஆண் சற்றுக் கூடுதலாக உண்பதில் நியாயம் இருக்கலாம். கீரை, பருப்பு, மீன், முட்டை என்று வரும்போது வீட்டில் முதலில் எடுத்து வைக்கப்பட வேண்டியது பெண்ணின் பங்குதான். இதை நான் பெண்ணுரிமைப் பேச்சாகச் சொல்லவில்லை; உடற்கூறு அப்படி இருப்பதால் சொல்கிறேன்.

இரும்புச்சத்தைப் பொறுத்தவரை, என்ன உண்கிறோம் என்பதைப் போலவே எதனுடன் சேர்த்து உண்கிறோம் என்பதும் முக்கியம். தாவர உணவிலுள்ள இரும்பு உடலில் எளிதில் சேர்வதில்லை. டீயிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் இவற்றைத் தவிர்க்கும்படி 2024இல் வெளியான தேசிய உணவு வழிகாட்டியும் சொல்கிறது. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா போன்றவற்றிலுள்ள வைட்டமின் ‘சி’ அதே இரும்பை உடல் ஏற்றுக்கொள்ளத் துணை செய்கிறது. ஆகவே, முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பவருக்கும், அதே பொரியலோடு ஒரு நெல்லிக்காய்த் துண்டையும் கடித்துக்கொள்பவருக்கும் கிடைக்கும் பலன் ஒன்றல்ல. பயறை முளைகட்டுவதும் மாவைப் புளிக்க வைப்பதும் தானியத்திலும் பருப்பிலும் உள்ள சத்து உடலில் சேர்வதை எளிதாக்குகின்றன. நம் பாட்டிமார்கள் கைப்பழக்கமாகச் செய்துவந்த இந்த வேலைகளுக்கு ஒரு செலவும் கிடையாது.

சத்து மாத்திரை பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகள் எத்தனையோ வீடுகளின் அலமாரிகளில் பிரிக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மலம் கறுத்துப் போகிறது, மலச்சிக்கல் வருகிறது, வாயில் ஒரு மாதிரி ருசி தட்டுகிறது, குமட்டுகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பது இரும்புச்சத்தால் ஏற்படும் சாதாரண விளைவு, அஞ்ச வேண்டியதில்லை. குமட்டல் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு சற்று நேரம் கழித்தோ இரவு படுக்கும் முன்போ எடுத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குப் பதில் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினால் இன்னும் நல்லது. கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது என்பது மட்டும் கட்டாயம் நினைவில் இருக்க வேண்டும். இரும்பு உடலில் சேர்வதைக் கால்சியம் தடுத்துவிடும். இவ்வளவையும் பொறுமையாக எடுத்துச் சொல்ல, நூறு பேர் காத்திருக்கும் மருந்து கொடுக்கும் சாளரத்தில் நேரம் இருப்பதில்லை. தங்கள் பக்கத்தில் இதற்கு இடம் இருக்கிறது.

இரத்தசோகைக்கு உணவு மட்டுமே காரணம் என்று நினைத்து நின்றுவிடுவதும் தவறு. மாதந்தோறும் அளவுக்கு மீறி இரத்தப்போக்கு இருந்தும், ‘எல்லோருக்கும் இருப்பதுதானே’ என்று ஆண்டுக்கணக்கில் வெளியே சொல்லாமல் இருக்கும் பெண்கள் ஏராளம். கருப்பைக் கட்டி இருக்கலாம், தைராய்டு கோளாறு இருக்கலாம். வெறுங்காலோடு வயலில் நிற்பவருக்குக் கொக்கிப்புழுத் தொற்று இருக்கலாம். ‘அசதியா இருக்கு’, ‘கிறுகிறுன்னு வருது’, ‘நாலு படி ஏறினா மூச்சு வாங்குது’ என்று ஒரு பெண் சொன்னால் அதை வயதின் மேலோ வேலையின் மேலோ போட்டுவிடாமல், முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்.

இனி, வீட்டு வாசலைத் தாண்டி ரேஷன் கடைக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் அரிசி அட்டைதாரர்களுக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2011 முதல் நடந்துவரும் இந்த ஏற்பாடு எத்தனை வீடுகளில் பட்டினியை ஒழித்தது என்பதைக் கண்ணால் கண்டவள் நான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அதே அட்டைக்குத் துவரம்பருப்பு மாதம் 1 கிலோ, 30 ரூபாய்க்கு. பாமாயில் 1 லிட்டர், 25 ரூபாய்க்கு. இப்போது 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டியை எடுத்து வைத்துக் கணக்குப் பார்ப்போம். 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 250 கிராம் தானியமும் 85 கிராம் பருப்பு வகைகளும் 400 கிராம் காய்கறியும் வேண்டும் என்கிறது அது. பெரியவர்கள் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதத்துக்குத் தானியம் 30 கிலோ, பருப்பும் பயறும் 10 கிலோவுக்கு மேல். தானியத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கை ரேஷன் கடை இலவசமாகத் தந்துவிடுகிறது. பருப்புத் தேவையில் பத்தில் ஒரு பங்கைத்தான் சலுகை விலையில் தருகிறது. எஞ்சிய 9 கிலோவையும் வெளிச்சந்தையில் வாங்க எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்? ஆகவே, தட்டில் சோறு கூடி, பருப்பு தண்ணீராகி, சாம்பார் என்ற பெயர் மட்டும் மிஞ்சுகிறது. அந்தத் தண்ணீர்ச் சாம்பாரிலும் கடைசியாக அள்ளிக்கொள்பவருக்கு என்ன வரும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

ஆரோக்கியமான உணவு என்பது தனிமனித ஒழுக்கத்தை மட்டும் பொறுத்தது என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். பருப்பின் அளவை 2 கிலோவாக உயர்த்துவதும், கொண்டைக்கடலை, பாசிப்பயறு, மொச்சை, நிலக்கடலை இவற்றில் ஏதேனும் ஒன்றைச் சேர்த்துத் தருவதும் எத்தனையோ பிரச்சாரக் கூட்டங்களைவிடவும் பலன் தரும். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு 2023இல் தொடங்கப்பட்டது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மாதவிடாய் நின்ற வயதில் எலும்பு தேயும் பெண்களுக்கு இதைவிட மலிவான வழி அரிது. நெல் விளையும் எங்கள் டெல்டாவில் கேழ்வரகைக் கேட்பார்களா என்று அதிகாரிகள் தயங்கலாம். கூழும் களியும் அடையுமாக அதைச் சாப்பிட்ட தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது.

ரேஷன் அரிசி தொடர்பாக இன்னொரு செய்தியையும் வாசகர்களுக்குத் தெளிவுபடுத்தக் கேட்டுக்கொள்கிறேன். இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றை அரிசி மாவோடு கலந்து மணியாக வார்த்து, 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்ற அளவில் கலப்பதுதான் செறிவூட்டல். இந்த மணிகள் நிறத்தில் சற்று மாறுபட்டும், கழுவும்போது சில வேளை மிதந்தும் தெரிவதால், ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பெயரிட்டுப் பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். வீட்டில் இரத்தசோகை அதிகம் உள்ளவரே உட்கார்ந்து அந்த மணிகளைப் பொறுக்குவதை என்னால் மறக்க முடியவில்லை. தலசீமியா போன்ற இரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு நடந்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் அதை அரிசியோடு அரிசியாகச் சமைக்கலாம். வடித்த கஞ்சியைக் கீழே கொட்டாமல் இருப்பதும் நல்லது.

சர்க்கரை நோயைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், தங்கள் பக்கம் அதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. நாட்டின் சராசரி 11.4. இதைப் படித்துவிட்டுச் சோற்றைப் பகையாக்கி, வேறு நாட்டு விதைகளையும் விலையுயர்ந்த பழங்களையும் தேடிப் போக வேண்டியதில்லை. தட்டில் சோற்றைக் கால் பங்காகக் குறைத்து, பாதித் தட்டில் காயும் கீரையும், மீதிக் கால் பங்கில் பருப்போ சுண்டலோ மீனோ முட்டையோ இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். வாங்கும் சக்தி இருந்தும் இதைச் செய்யாத வீடுகள் பல. பழைய சோறு எல்லா நோயையும் தீர்க்கும் என்று கைப்பேசியில் பரவும் செய்திகளையும் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். கோடைக்கு இதமான, வயிற்றுக்கு நல்ல உணவுதான் அது. ஆனால் சர்க்கரை நோயாளிக்குப் பழைய சோறும் சோறுதான், அளவு தேவை. உப்பின் அளவும் அப்படியே. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். காய் தீர்ந்துபோன தட்டில் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் துணைக்கு வரும்போது அந்த அளவு எளிதாகக் கடந்துவிடுகிறது. இரத்தக்கொதிப்பும் கடைசியாகச் சாப்பிடுபவரை இந்த வழியில் வந்து சேர்கிறது.

உணவைத் தாண்டி உறக்கமும் நடையும் ஓய்வும் சேர்ந்ததே முழுமையான நலம் என்று தங்கள் பக்கம் சொல்வதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அவை மூன்றுக்கும் நேரம் வேண்டும். அந்த நேரம் யாரிடம் இருக்கிறது? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரியவந்தது. அவ்வேலையில் கைவைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தாம். பெண்கள் 81 பேர். வயல் வேலைக்கோ நூற்பாலைக்கோ கடைக்கோ போய்வரும் பெண்ணுக்கு இந்த 5 மணி நேரம் கூலி வேலைக்கு மேல் வந்து சேர்கிறது. காலை நான்கரைக்கு எழுந்து இரவு பதினொன்றுக்குப் படுப்பவரிடம், 7 மணி நேரம் உறங்குங்கள், அரைமணி நேரம் நடங்கள், பத்து நிமிடம் கண்மூடித் தியானம் செய்யுங்கள் என்றால், அவர் அதைத் தன்னால் செய்ய முடியாத இன்னொரு வேலையாகத்தான் எடுத்துக்கொள்வார். அவர் உறங்க வேண்டுமென்றால் இரவுப் பாத்திரத்தை வேறொருவர் கழுவ வேண்டும். அவர் நடக்க வேண்டுமென்றால் மாலை ஆறு மணிக்கு அடுப்பருகே வேறொருவர் நிற்க வேண்டும். இதைவிட நேரடியான உடல்நலக் குறிப்பு எனக்குத் தெரியவில்லை.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பிள்ளைகளின் சத்துக் கணக்கில் மட்டும் எல்லோரும் பாராட்டுகிறார்கள். பள்ளியிலேயே காலை உணவு கிடைப்பதால் அம்மாவுக்கு விடியலில் கிடைக்கும் அந்தச் சற்று நேரத்தையும் அத்திட்டத்தின் பலனாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சத்துணவில் பள்ளி நாள்தோறும் பிள்ளைக்கு ஒரு முட்டை உறுதியாகக் கிடைக்கிறது. அந்த வீடுகளில் மிஞ்சும் முட்டையாவது அம்மாவின் தட்டுக்குப் போகட்டும்.

வேலையிடத்தைப் பற்றியும் ஒரு சொல். நின்றுகொண்டே பணிபுரியும் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. நல்ல சட்டம். ஆனால் ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் வேலை செய்யும் பெண்கள் இன்றும் கழிப்பறைக்குப் போக முடியாதே என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வயலில் வேலை செய்யும் பெண்களும் அப்படியே. சித்திரை வெயிலில் தண்ணீரை அடக்குபவருக்குச் சிறுநீர்த் தொற்றும் கல்லும் வராமல் என்ன செய்யும்? ‘தினமும் போதிய தண்ணீர் குடியுங்கள்’ என்ற அறிவுரை, பூட்டி வைக்கப்படாத, சுத்தமான ஒரு கழிப்பறை இருக்கும் இடத்தில்தான் பொருள்படும்.

மனநலத்தைப் பொறுத்தவரை, எங்கள் பக்கத்துப் பெண்கள் மனம் சரியில்லை என்று வந்து சொல்வதில்லை. தலைவலி, மேல்வலி, தூக்கம் பிடிக்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றுதான் சொல்வார்கள். மாத்திரைக்குத் தீராத இந்த வலிகளின் பின்னால் கடன் இருக்கும், குடிகாரக் கணவர் இருப்பார், பேச ஆளில்லாத தனிமை இருக்கும். உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டாலே பாதி வலி குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ உதவி எண்ணான 14416இல் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைத் தங்கள் நாளிதழ் பெட்டிச் செய்தியாக அடிக்கடி வெளியிட்டால் பெரும் உதவியாக இருக்கும்.

அரசின் கவனத்தைப் பற்றியும் ஒரு குறை எனக்கு உண்டு. பெண்ணின் உடல் கருவுற்றிருக்கும்போது மிகுந்த அக்கறையோடு கவனிக்கப்படுகிறது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கின்றன. மாதந்தோறும் எடை, இரத்தம், இரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கப்படுகின்றன. பிள்ளை பிறந்து தடுப்பூசிகள் முடிந்ததும் அந்தப் பெண் எங்கள் பதிவேட்டிலிருந்து மறைந்துபோகிறார். மீண்டும் அவர் கண்ணில் படுவது, நாற்பத்தைந்து வயதில் சர்க்கரையோ இரத்தக்கொதிப்போ முற்றிய பிறகு. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அவர் என்ன சாப்பிட்டார், எப்படி உறங்கினார், இரத்தம் எவ்வளவு இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டு சேர்த்து இந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்திருக்கிறது. வீடு தேடிப் போகும் அந்தத் தன்னார்வலர்கள் சர்க்கரை, அழுத்தத்தோடு நில்லாமல், முப்பது வயது கடந்த ஒவ்வொரு பெண்ணின் ஹீமோகுளோபினையும் ஆண்டுக்கு ஒருமுறை குறித்துவைக்க ஏற்பாடு செய்தால், மாத்திரை தேவைப்படும் நிலைக்கு முன்பே பலரைக் காப்பாற்றலாம். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் புற்றுநோய், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகளும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று தள்ளிப்போடுபவர்களை அழைத்துவர வீட்டிலுள்ள ஆண்கள் முன்வர வேண்டும்.

‘அந்தக் காலத்துப் பெண்களும் கடைசியாகத்தானே சாப்பிட்டார்கள், திடமாக இல்லையா’ என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். திடமாக இருந்து, நம் கண்முன் முதுமை வரை வாழ்ந்தவர்களை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். பிள்ளைப்பேற்றில் இரத்தம் போதாமல் இறந்தவர்களின் பெயர் எந்த வீட்டிலும் பேசப்படுவதில்லை. அதோடு, கைக்குத்தல் அரிசியும் குளத்து மீனும் கொல்லைக் கீரையும் கிடைத்த அடுக்களையில் மிச்சத்திலும் சத்து மிஞ்சியது. தவிடு முழுதும் தீட்டிய வெள்ளை அரிசியும் பாமாயிலும் டீயுமாக மாறிவிட்ட அடுக்களையில் மிச்சம் என்பது வெறும் மாவுச்சத்துதான்.

வீட்டில் செய்யக்கூடியது சிக்கலானதன்று. பரிமாறத் தொடங்கும் முன்பே, சமைத்தவருக்கு உரிய காயும் பருப்பும் மீனும் ஒரு கிண்ணத்தில் தனியே எடுத்து வைக்கப்பட வேண்டும். இதை அவரே செய்யக் கூச்சப்படுவார் என்பதால் கணவரோ மகனோ மாமியாரோ எடுத்து வைக்க வேண்டும். முடிந்த நாள்களில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, நடுவில் பாத்திரங்களை வைத்து, அவரவரே போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். குறைவு கண்ணுக்குத் தெரியும்போது எடுப்பவர் கை தானாக அடங்கும். என் பகுதியில் சில மருமக்களுக்கு மாமியார்களே இப்படி எடுத்து வைக்கத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன்; தாம் பட்ட பசியை மறக்காதவர்கள் அவர்கள்.

தங்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு. நலவாழ்வுப் பக்கத்தில் வரும் உணவுக் குறிப்புகளில், ரேஷன் அரிசியும் ஒரு கிலோ பருப்பும் உள்ளூர்ச் சந்தைக் காயும் கொண்டு செய்யக்கூடியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். ‘மனைவிக்கு’, ‘அம்மாவுக்கு’ என்று பெண்களை நோக்கியே எழுதப்படும் குறிப்புகளில் ஒரு பாதியையாவது ஆண் வாசகர்களை நேராக விளித்து எழுதச் சொல்லுங்கள். பொது விநியோகத்தில் பருப்பின் அளவை உயர்த்துவது பற்றி உணவுத்துறையின் கருத்தைத் தங்கள் செய்தியாளர்கள் வழியாகக் கேட்டு வெளியிடுங்கள். வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்பாக அந்த விவாதம் தங்கள் பக்கங்களில் தொடங்கினால், என் போன்ற பலர் தத்தம் அனுபவத்தையும் கணக்கையும் எழுதி அனுப்பக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.